கடலில் கரைந்ததா, கரையில் காத்திருந்ததா?

முதுகுன்றம் என்னும் தீந்தமிழ்ப் பெயர் மறைந்து விருத்தாசலமாகிவிட்ட ஊருக்குப் பீங்கானால் ஒரு புகழுண்டு. அந்த வட்டாரத்திலே உள்ளது நல்லூர். மண்ணைப் பிசைந்து, வார்த்து, சூளையிலே சுட்டுப் பழகிய தொழிலாளி நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. வெயிலிலே உலர்ந்த மண் பார்வைக்குக் கெட்டியாக இருக்கும். நீர் பட்டதும் சேறாகும். சூளையிலே வெந்த மண்ணோ மீண்டும் சேறாவதில்லை.

மனித மனமும் இப்படித்தானா? இந்தக் கேள்வியைத்தான் தோழர்கள் முன் வைக்கிறோம்.

நல்லூர்ப் பக்கத்துக் குடும்பமொன்று சிங்கப்பூர் சென்று குடியேறுவதாகக் கருதுவோம். கணவன், மனைவி, குழந்தைகள் இருவர். குடியிருப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடியில். மேல்வீட்டில் சீனர், எதிர்வீட்டில் மலாய்க்காரர். எல்லா இனத்தாரும் கலந்து வாழவேண்டும் என்பதற்காக 1989 முதல் அந்த நாட்டரசு வகுத்த விதி அது. மின்தூக்கியிலே அனைவரும் தோளோடு தோள் உரசித்தான் நிற்கிறார்கள். தீட்டு எந்த மாடியில் இறங்கிற்று என்று எவரும் கேட்பதில்லை!

பசிக்கிறது. உணவங்காடி நிலையத்துக்குப் போகிறார்கள். சற்றுமுன் யாரோ அமர்ந்திருந்த நாற்காலி. யார் யாரோ உண்ட தட்டு. யார் யாரோ பருகிய குவளை. உண்டு முடித்ததும் எச்சில் தட்டைத் தாமே எடுத்துச் சென்று உரிய இடத்தில் வைக்கவேண்டும். 2021 முதல் அதைக் கண்டிப்பாகவே நடைமுறைப்படுத்துகிறார்கள். ஊரிலே உண்ட இலையைத் தொடாத கணவன், அங்கே தட்டைத் தூக்குகிறான். வீட்டிலே பாத்திரம் கழுவுகிறான், கழிப்பறையும் கழுவுகிறான். கை தேய்ந்துவிட்டதா? குலம் கெட்டுவிட்டதா? வானம் இடிந்து வீழ்ந்ததா? ஒன்றுமில்லை. உடல் நலமாயிருக்கிறது; உறக்கமும் வருகிறது.

சாதி இரத்தத்தில் ஊறியது என்றார்களே, அந்த இரத்தம் விமானத்திலே மாறிவிட்டதா? இல்லை. அவனைப் பார்த்துத் துண்டை இடுப்பில் கட்டுவோர் அந்தத் தெருவில் இல்லை, அவ்வளவுதான்! சாதி குருதியிலே இல்லை, தோழர்களே. ஒருவன் உயர்ந்தவன் என்று ஊரே கூடிச் செய்துகொண்ட உடன்பாட்டில் இருக்கிறது. அந்த உடன்பாட்டை ஏற்காத தெருவில் அது நிற்கக் காலின்றிப் போகிறது. ஏடுகள் நூறு எழுதி நிறுவவேண்டிய உண்மையை, இந்தக் குடும்பம் தன் அன்றாட வாழ்வாலேயே நிறுவிக் காட்டிவிட்டது.

"சட்டத்துக்கு அஞ்சி அடங்கியிருக்கிறார்கள்" என்பர் சிலர். சட்டம் நம் நாட்டில் இல்லையா? தீண்டாமையை ஒழிக்கும் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு, 1950 முதல் இருக்கிறதே! ஏடு விழித்திருந்தும் தெரு தூங்கினால் சட்டம் என்ன செய்யும்?

மற்றுமொரு நிகழ்ச்சி. வாடகை வீடு தேடும்போது, 'இந்தியருக்கு இல்லை' என்னும் விளம்பரம் கண்ணில் படுகிறது. அத்தகைய விளம்பரங்கள் சிங்கப்பூரில் வெளிவந்து, கண்டனத்துக்கும் ஆளாகியுள்ளன. குடும்பத் தலைவனின் நெஞ்சு கொதிக்கிறது. பிறப்பைக் காட்டி வீடு மறுப்பதா என்று குமுறுகிறான். நியாயமான குமுறல், நாமும் அவனோடு சேர்ந்தே குமுறுகிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: ஊர்த்தெருவிலே அவன் பாட்டன் காலம் முதல் வீடு மறுக்கப்பட்டவனுக்கும் நெஞ்சு என்று ஒன்று இருந்ததே, அது கொதித்தபோது இவன் செவி எங்கே போயிற்று?

எல்லாவற்றையும் கடலில் எறிந்துவிட்டுப் போகச் சொல்கிறோமா? இல்லை. திருவாரூரில் பிறந்து 1924இல் சிங்கப்பூர் சென்ற கோ. சாரங்கபாணி, 1935இல் 'தமிழ் முரசு' கண்டார். தமிழர்களைக் குடியுரிமை பெறத் தூண்டினார். தமிழுக்குப் பல்கலைக்கழகத்திலும் இடம் வேண்டுமெனப் பாடுபட்டார். அதே மனிதர் சமூகச் சீர்திருத்தத்துக்கும் உழைத்தார். மொழியைச் சுமந்தார், சாதியைச் சுமக்க மறுத்தார். மொழியைச் சீனச் சிறுவனும் கற்கலாம். பொங்கலை மலாய்த் தோழனும் சுவைக்கலாம். பிறருக்குக் கொடுக்கக் கொடுக்கக் குறையாதது பண்பாடு. பிறரைத் தடுப்பதற்கென்றே இருப்பதோ பூட்டு. பூட்டைப் பண்பாடென்று பெட்டியில் வைத்துச் செல்வானேன்?

வைத்துச் செல்வோர் இருக்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம், 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டமியற்ற வேண்டி வந்தது. அந்நாட்டில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. வந்த நாட்டுக்கு நாம் கொண்டுபோன சீர்வரிசை இதுதானா?

ஆனால் உண்மையான சோதனை அயல்நாட்டில் இல்லை. விடுமுறைக்கு ஊர் திரும்பும் அந்த நாளில் இருக்கிறது. உந்து வண்டி விருத்தாசலம் தாண்டுகிறது. ஊர் எல்லை தெரிகிறது. அங்கே தட்டுத் தூக்கிய கை, இங்கே இலையை விட்டு எழுகிறது, மனைவி எடுக்கிறாள். அங்கே எவரோடும் ஒரே மேசையில் உண்டவன், இங்கே வேலைக்கு வந்தவரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்துகிறான். மகளுக்கு வரன் பார்க்கையில் முதற்கேள்வியே 'என்ன ஆட்கள்' என்பதுதான்! பத்தாண்டுப் பாடம் பத்தே நிமிடத்தில் கரைந்தது. வெயிலில் உலர்ந்த மண்ணன்றோ?

பெற்றோரைப் பார்த்து மகள் கேட்கிறாள்: "அங்கே எல்லோரோடும் சேர்ந்து சாப்பிட்டோமே, இங்கே ஏன் அவரை உள்ளே கூப்பிடவில்லை?" அந்தப் பிள்ளைக்கு ஊர் இன்னும் உடன்பாட்டைக் கற்பிக்கவில்லை. அதனால்தான் கேட்க முடிகிறது.

அறியாது செய்தவனை மன்னிக்கலாம். சாதியின்றி வாழ முடியும் என்று தன் உடம்பாலேயே அறிந்தவன், அறியாதவன் போல் நடப்பதை என்னென்பது? அவன் சாட்சி. சாட்சி வாய்மூடினால் வழக்கு வீழும்.

ஆகவே, அயல்நாட்டிலிருந்து திரும்பும் தோழர்களே! நறுமணப் புட்டியும் நல்ல துணியும் கொண்டுவருகிறீர்கள், மகிழ்ச்சி. அந்த உணவங்காடி மேசையையும் கொண்டுவாருங்கள். உங்கள் வீட்டுக் கூடத்தில் அதைப் போடுங்கள். ஊரார் முணுமுணுப்பர், உறவினர் முகம் சுளிப்பர். அந்த வெப்பத்துக்கு அஞ்சாதீர்கள்.

அதுதான் சூளை.