வழியில் மறிக்கும் வணிகம்

மணவாள நகர் வழியே சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், சுபுஹுத் தொழுகைக்கு முன்பே காய்கறி மூட்டைகள் போய்விடுகின்றன. விளைவித்தவன் தன் கத்தரிக்காயின் விலையை அறிவது, கோயம்பேட்டு மண்டியில் அது விற்றுத் தீர்ந்த பிறகே. தரகும் சுமைகூலியும் போக மிச்சம் கைக்கு வரும். இடையாளே கூடாதென்று சினந்துரைப்போர் உளர்.

நான் அவ்வாறு கருதவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே கதீஜா நாயகியாரின் சரக்கை ஷாம் தேசத்திற்குக் கொண்டுசென்று விற்றுத் தந்தவர்கள். ஆயின் அதே பெருமானார்தாம், சந்தைக்கு வரும் வணிகக் கூட்டத்தை வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதைத் தடுத்தார்கள். அப்படி எவரேனும் வாங்கிவிட்டால், சரக்குக்குரியவர் சந்தையை அடைந்தபின் அவ்விற்பனையை முறித்துக்கொள்ளலாம் என்றும் ஹதீஸ் உண்டு. குற்றம் எங்கே இருக்கிறது என்பது இதனால் விளங்கும். பிறருடைய விலையறியாமையில் இலாபம் காண்பதே அது.

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அடையாள அட்டை பெற்ற உழவர் அங்கே தரகின்றி, கடை வாடகையின்றி விற்கலாம், தராசும் இலவசம். மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக அன்றாட விலையைப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். தராசைவிட அந்தப் பலகையையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் விதைக்கும் உரத்துக்கும், மகளின் திருமணத்துக்கும் மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியவனால், சந்தை திறந்திருந்தும் அங்கே போக முடிவதில்லை. கடன் அவனை வழியிலேயே மறித்துவிடுகிறது. நம்மவரிலும் மண்டி நடத்துவோர் இருக்கிறார்கள். முன்பணம் கொடுத்த உழவனிடம் அன்றைய விலையைச் சொல்லி, 'வேண்டுமானால் வேறிடத்தில் விற்றுக் கடனைத் தா' என்று அவர்களில் எத்தனை பேரால் சொல்ல இயலும்?