சர்க்கரை நோய் யார் செய்த வினை?

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் அளவு கூடியிருப்பது தெரிந்த அன்றே ஒருவர் காதில் இரண்டு தீர்ப்புகள் விழுந்துவிடுகின்றன. ‘வாயைக் கட்டியிருந்தால் இது வந்திருக்குமா?’ என்பது ஒன்று. ‘எல்லாம் தலையெழுத்து, அப்பாவுக்கும் இருந்ததே’ என்பது இன்னொன்று. முதலாவது அவருடைய குணத்தைக் குறை சொல்கிறது, அடுத்தது விதியை. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான்: நோயை அந்த ஒருவர் தலையில் இறக்கி வைத்துவிட்டு ஊரைப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுகின்றன. தமிழ் அறமரபு பசியை இப்படிக் கைவிட்டதில்லை. மணிமேகலை பசியைப் பிணி என்றே சொல்கிறது. அதைத் தீர்ப்பதற்குத்தான் அமுதசுரபி. வள்ளலார் 1867இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கியபோது, வந்தவரின் பசி எந்த வினையின் பயன் என்று விசாரித்துவிட்டுச் சோறு போடச் சொல்லவில்லை. வினையை நம்பியவர்களே பசியாற்றுவதை ஊரின் கடமையாக வைத்தார்கள். சர்க்கரை நோயிலும் நாம் அதே இடத்தில்தான் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதற்கு முதல் சான்று நோய் பரவியிருக்கும் விதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவோடு நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று கணக்கிட்டது. நகரங்களில் 16.4 சதவீதம், கிராமங்களில் 8.9 சதவீதம். மனிதரின் குணமோ தலையெழுத்தோ நகர எல்லைக்குள் நுழைந்ததும் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடாது. அடுத்த சான்று சென்னையிலேயே இருக்கிறது. 1996இல் தொடங்கிய ஓர் ஆய்வு, நடுத்தர வருவாய்க் குடியிருப்பு ஒன்றையும் குறைந்த வருவாய்க் குடியிருப்பு ஒன்றையும் எடுத்துக்கொண்டது. நடுத்தரக் குடியிருப்பில் மருத்துவர்கள் நோயைப் பற்றி விளக்கிச் சொன்ன பிறகு, அங்கிருந்தவர்களே பணம் திரட்டிப் பூங்கா அமைத்தார்கள். வாரம் மூன்று முறைக்கு மேல் நடப்பவர்கள் சுமார் 14 சதவீதமாக இருந்தது பாதிக்கு மேல் உயர்ந்தது. பத்தாண்டுக்குப் பின் பார்த்தபோது, அங்கே நோய் 12.4 சதவீதத்திலிருந்து 15.4 ஆகியிருந்தது. குறைந்த வருவாய்க் குடியிருப்பிலோ 6.5 சதவீதம் 15.3 ஆகியிருந்தது. பூங்கா மட்டுமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வருமானம், வேலை, உணவு எல்லாம் இதில் கலந்திருக்கின்றன. ஆனால் ஒரு தலைமுறைக்கு முன் வசதியானவர்களின் நோய் எனப்பட்டது பத்தே ஆண்டில் ஏழைகளின் தெருவில் இரண்டு மடங்குக்கு மேல் பெருகியதை நாக்கின் ஆசையால் விளக்க முடியுமா?

பசி இல்லாமையால் வருவது, சர்க்கரை நோய் அளவு மீறுவதால் வருவது, இரண்டையும் எப்படி ஒன்றாக வைப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் ஆட்டோ ஓட்டுபவரின் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். காலையில் கையேந்தி பவனில் நாலு இட்லி. மதியம் தூக்குவாளி நிறையச் சோறு, அதன்மேல் குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். நடுநடுவே பசியை அடக்க நாலைந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. காயும் பருப்பும் மீனும் காசு கேட்கின்றன. மலிவானதைக் கொண்டு வயிற்றை நிரப்புவது அளவு மீறல் ஆகாது. பழைய இல்லாமையே வேறு உருவத்தில் வந்திருக்கிறது. ஒல்லியாக இருப்பவருக்கும், வயிற்றில் மட்டும் லேசாகத் தொப்பை விழுந்தவருக்கும்கூட இந்நோய் வருவது நம் மண்ணில் மருத்துவர்கள் அன்றாடம் காணும் உண்மை.

அப்படியே இருந்தாலும் அடக்கம் தனிமனிதப் பண்புதானே, ஒருவருக்காக இன்னொருவர் நாக்கை அடக்க முடியுமா என்பது அடுத்த மறுப்பு. இதற்கு நம் சமயங்களின் நடைமுறையே பதில். சபரிமலைக்கு மாலை போட்டவர் மண்டல விரதத்தைத் தனியாகக் கழிப்பதில்லை. வீட்டுச் சமையலே மாறுகிறது, குருசாமி வழிகாட்டுகிறார், தெருவில் பார்ப்பவர்கள் ‘சாமி’ என்று அழைத்து அவர் எடுத்துக்கொண்ட விரதத்தை நினைவூட்டுகிறார்கள். ரமலானில் ஊரே சேர்ந்து நோன்பிருந்து சேர்ந்தே நோன்பு திறக்கிறது. நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கும் அந்த மார்க்கத்திலேயே உண்டு. புலனடக்கத்தை இவ்வளவு உயர்வாகப் பேசிய மரபுகள் எவையும் அதைத் தனியாளின் மன உறுதியிடம் விட்டுவிடவில்லை. துணையும் தேதியும் முறையும் வைத்தே பழக்கின. மருத்துவ ஆய்வும் இதையே காட்டுகிறது. நோயின் விளிம்பில் இருந்த 578 பேரைக் கொண்டு சென்னையில் நடந்து 2016இல் முடிவு வெளியான ஆய்வில், ஒரு பகுதியினர் குழுவாகக் கூடி உணவையும் உடற்பயிற்சியையும் கற்றார்கள். தேவைப்பட்டவர்களுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையும் தரப்பட்டது. மூன்றாண்டில் வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 34.9 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, குழுவில் இருந்தவர்களில் 25.7 சதவீதம் பேருக்கு. பத்துப் பேரில் ஒருவர்தானே தப்புகிறார், இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றலாம். கால் புண்ணும் டயாலிசிஸும் ஒரு குடும்பத்தின் சேமிப்பை எப்படிக் கரைக்கும் என்று அறிந்தவர்களுக்கு அந்த ஒருவர் சிறிய எண்ணாகத் தெரியமாட்டார்.

இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. ஊர் தலையிட ஆரம்பித்தால் என் தட்டை எட்டிப் பார்க்கும், என்னைக் கூசவைக்கும் என்ற அச்சம் அது. உண்மையான அச்சம்தான். கல்யாணப் பந்தியில் ‘உங்களுக்குத்தான் சுகர் ஆச்சே’ என்று உரக்கச் சொல்வதைக் கவனிப்பு என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது கவனிப்பு ஆகாது. நாலு பேர் முன் கூசவைக்கப்பட்டவர் நோயை மறைப்பார். மறைத்தவருக்கு மாத்திரை போய்ச் சேராது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் அளவறிந்து உண்பதைப் பற்றியே பெரிதும் பேசினாலும், மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் வேண்டும் என்ற கருத்தில்தான் முடிகிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு மருந்தை அருகிலிருந்து தருபவரும் அதில் ஓர் அங்கம். அந்த நான்காவது இடத்தைத்தான் ஊர் நிரப்ப வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போவது இதனால்தான் பெரிய செயல். திண்ணையில் உட்கார்ந்து விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, அளவைக் குறித்து, மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது, இந்த நோயோடு நீ தனியாக விடப்படவில்லை என்ற செய்தியும் சேர்ந்தே போகிறது.

இந்தப் பொறுப்பு அரசோடு முடிவதில்லை. அன்னதானம் செய்யும் கோயிலும் மசூதியும் தேவாலயமும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: பசித்தவருக்குச் சோறு போட்டது அவர் உடலின் தேவையைப் பார்த்துத்தானே? இன்று அதே உடல் வேறொன்றைக் கேட்டால் அதையும் பார்ப்பதுதான் தானத்தின் தொடர்ச்சி. இனிப்பை ஒழிக்க வேண்டியதில்லை. நவராத்திரிச் சுண்டல் நம் பிரசாதம்தான்; சர்க்கரைப் பொங்கல் ஒரு சிறு உருண்டையாக வந்தாலும் பிரசாதம்தான். பந்தியில் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டலாம். வருகிறவர்களுக்கு ரத்த அளவு பார்க்க, மண்டபத்தில் மாதம் ஒரு நாள் ஒரு மேசை போடலாம். மாலையில் பெண்கள் அச்சமின்றி நடக்கப் பிரகாரத்தைத் திறந்து வைக்கலாம். இவை எதற்கும் புதிய அறம் தேவையில்லை. யார் செய்த வினை என்று கேட்காமல் இலை போட்ட பழைய அறமே போதும்.