துறை மாறுதலும் கடப்பாடும்

ஒரு துறையிற் பட்டம் பெற்றவர், வேறொரு துறையிற் பட்டப்பின் கல்வியை நாடி, அதன் அடிப்படைப் பாடங்களை மீண்டும் தொடக்கத்திலிருந்து கற்கப் புகுவது முறையாகுமா? 1945இல் வந்த இலவசக் கல்வியாற் பயன்பெற்ற நமக்கு இது வெறும் சொந்த விருப்பம் பற்றிய வினாவன்று. பொதுப் பணத்திற் பெற்ற அறிவைக் கைவிடுபவர் கடனாளியே என்பர் சிலர்.

கடன் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் கற்றது அவ்வளவு எளிதில் கைவிடப்படுவதில்லை. பௌதிகப் பட்டதாரியான பிரான்சிஸ் கிறிக், போர் முடிந்தபின் 1947இல், முப்பது வயது கடந்த நிலையில், உயிரியலைப் புதிதாகக் கற்கலானார். 1953இல் வாற்சனுடன் டீ.என்.ஏயின் அமைப்பை அவர் வெளியிட்டபோது பழைய பௌதிகமும் கணிதமும் துணைநின்றன. கிறிக்கைக் காட்டி வழக்கை முடித்துவிடலாம். ஆனால் வெற்றியைக் கொண்டு அறத்தை அளப்பது பிழை. தகுதிகாண் பரீட்சையிலேயே தவறிவிடுபவரும் இருக்கிறாரல்லவா?

என்னை உறுத்துவது பணமன்று, இடம். அனுமதி மட்டுப்படுத்தப்பட்ட நாட்டில், பொறியியல் கற்றபின் மெய்யியலுக்குச் செல்பவர், அவ்விடத்துக்கு ஏங்கி வெளியே நின்ற இன்னொருவருக்கு என்ன விடை கூறுவார்? திருப்தியான விடை எனக்குக் கிட்டவில்லை. எனினும், பத்தொன்பது வயதில் ஒரு வெட்டுப்புள்ளி தீர்மானித்த துறையை வாழ்நாள் முழுதும் சுமக்குமாறு அவரைப் பணிக்கவும் மனம் ஒப்பவில்லை.