ரெண்டு பேர்தானே?

2009-ல் அமெரிக்காவில் கோல்கன் பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். வேலையில் சேர்ந்து ஓராண்டே ஆன துணை பைலட், முந்தின ராத்திரி சரக்கு விமானங்களில் தொற்றிக்கொண்டு டியூட்டிக்கு வந்தவர். பைலட்களின் ஓய்வு விதிகளை 2011-ல் கடுமையாக்கினார்கள். ராத்திரியெல்லாம் பறக்கும் சரக்கு பைலட்களுக்கு மட்டும் அது கிடையாது! செலவு அதிகம், பலன் குறைவாம்.

2013-ல் பர்மிங்ஹாமில் யு.பி.எஸ். சரக்கு விமானம் விடியுமுன் விழுந்தது. பலி இரண்டு பைலட்கள். களைப்பும் ஒரு காரணம் என்றது விசாரணை.

காமர்ஸ் படித்தவன் என்பதால் கேட்கிறேன்... ஒருத்தருக்கு எவ்வளவு தூக்கம் வேணும் என்பதை, பின்னால் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதா முடிவு செய்யும்?

வலங்கைமான் மாரியம்மன் கோயிலில் பங்குனியில் பாடைக்காவடி. நோயிலிருந்து பிழைத்தவரைப் பாடையில் கிடத்தி, சொந்தபந்தமே தூக்கி வரும். 'ஒருத்தர்தானே' என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

ராத்திரி ஆர்டர் போட்டு, காலையில் பார்சல் வரணும் என்கிற நாமும் அந்தக் கணக்கில் பார்ட்னர்தான்!