எழுத்தும் பின்னணி இசையும்: கேட்டலின் அறம்

எழுதும்போது இசை கேட்கும் வழக்கம் ஆய்வு மாணவரிடமும் எழுத்தாளரிடமும் இன்று பரவலாகக் காணப்படுகிறது. இது எழுத்திற்குத் துணையா, இடையூறா என்று பயன் நோக்கிலேயே பெரும்பாலும் வினவப்படுகிறது. கேட்கப்படும் இசைக்கு எழுதுவோர் ஆற்ற வேண்டிய கடமை உண்டா என்பது அறவியல் வினா. இவ்விரு வினாக்களையும் இணைத்து நோக்க இக்கட்டுரை முற்படுகிறது.

முதல் வினாவிற்கு உளவியல் ஓரளவு விடையளிக்கிறது. ஆலன் பேட்லியும் கிரகாம் ஹிட்சும் 1974இல் செயல்நினைவுக் கோட்பாட்டை முன்வைத்தனர். சொல்லின் ஒலியைச் சில நொடிகள் தாங்கி நிற்கும் கூறு அக்கோட்பாட்டில் இன்றியமையாதது. எழுதுவோர் அடுத்த தொடரை மனத்துள் ஒலித்துப் பார்ப்பது இக்கூற்றின் துணையால்தான். குரலிசை, கருவியிசையைவிட மிகுதியாகச் சொல் நினைவைக் குலைக்கிறது என்பதைச் சலாமேயும் பேட்லியும் 1989இல் காட்டினர். பாடலின் சொல்லும் எழுதுவோரின் சொல்லும் ஓரிடத்திற்கே போட்டியிடுகின்றன எனலாம்.

இனி, இரண்டாம் வினா. பின்னணியாக்குவது இசையை இழிவுபடுத்துவதாகுமா? எல்லா இசைக்கும் இது பொருந்தாது. பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாத்தி, அறையின் மேசை நாற்காலிபோல் கவனம் கோராது இருக்கும் இசையை 1917 முதல் இயற்றினார். நம் மரபில் தம்புராவின் சுருதியும் பின்னிற்பதற்கென்றே அமைந்தது. ஆயினும் பாடுவோர் அதைக் கேளாதிருப்பதில்லை. கணந்தோறும் அதனோடு தம் குரலை ஒத்துப் பார்க்கின்றனர். எனவே பின்னிற்றல் வேறு, கேட்கப்படாமை வேறு.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். ஒலிப்பதிவிற்கு உணர்வில்லை, அதனைக் கேளாது விடுவதால் எவருக்கும் தீங்கில்லை என்பர். தீங்கு கேட்போருக்கே நேர்கிறது என்பதே அதற்கு விடை. திருக்குறள் கல்வி, கல்லாமை ஆகியவற்றை அடுத்துக் கேள்வியை 42ஆம் அதிகாரமாக வைக்கிறது. அங்குப் பேசப்படுவது அறிவுடையோர் சொல்லைக் கேட்டலே. எனினும் செவி பயிற்றப்பட வேண்டிய பொறி என்னும் கருத்து இசைக்கும் பொருந்தும். விரிவான ஓர் ஆலாபனையை நாள்தோறும் கேளாமலே ஓடவிடும் செவி, அதனைக் கேட்கும் ஆற்றலைப் படிப்படியாக இழக்கிறது.

எனினும் இவ்வழக்கத்தை முற்றாக விலக்குவது நேர்மையாகாது. தனியறை இல்லாத வீட்டிலும் இரைச்சல் மிகுந்த விடுதியிலும் எழுதுவோர்க்கு இசையே சுவர். அமைதி எல்லார்க்கும் வாய்க்கும் செல்வம் அன்று. அமைதி வாய்த்தோர் அது வாய்க்காதோரைக் குறை கூறுதல் அறமாகாது.

ஆகவே, சுவராகக் கொள்ளும் இசை சொல்லற்றதாக இருத்தல் எழுத்திற்கு நலம். அவ்வாறு பயன்பட்ட இசையை, எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறையேனும் முழுமையாகக் கேட்டல் இசைக்குச் செய்யும் கடமை. அது தன் செவிக்குச் செய்யும் கடமையும் ஆகும்.