கொசுவும் கொல்லாமையும்

அறங்களுள் தலையாயது கொல்லாமை என்று தொட்டிற் பருவம் முதலே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எறும்பு ஊரும் தடத்தில் அடிவைக்கத் தயங்கிய பாட்டனாரையும், பொழுது சாயுமுன் உண்டு முடித்த பாட்டியாரையும் கண்டவர்கள். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களில் இருந்தவரை இந்நெறியைக் காப்பது நமக்குப் பெருஞ்சிக்கலாகத் தோன்றவில்லை. பிழைப்பின் பொருட்டுச் சென்னை நகரில் வந்து குடியேறிய பின்னர், அதே நெறி நாள்தோறும் புதிய வினாக்களை எழுப்புகின்றது. அவற்றுள் மிகச் சிறியதாகத் தோன்றும் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அது கொசுவைப் பற்றியது. அன்பர்கள் நகைக்க வேண்டா; அந்தச் சிற்றுயிர் எனக்குக் கற்பித்த பாடம் சிறியதன்று.

எங்கள் குடியிருப்பு ஆதம்பாக்கத்தில் உள்ளது. மூன்று தளங்களில் எட்டுக் குடும்பங்கள். அவற்றுள் சமணக் குடும்பம் எங்களுடையது ஒன்றே. 2024ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், தெருவில் இருவருக்கு டெங்கு காய்ச்சல் கண்டதும், தெருவாசிகள் ஒரு ஞாயிறன்று எங்கள் வண்டி நிறுத்துமிடத்தில் கூடினர். குப்பை வண்டி வரும் நேரம், சாக்கடை அடைப்பு, எரியாத தெருவிளக்கு ஆகிய வழக்கமான குறைகளைப் பேசி முடித்தபின், கொசு மருந்துப் புகை பற்றிய பேச்சு எழுந்தது. வாரம் இருமுறை புகையடிக்க வேண்டுமென்று மாநகராட்சிக்கு மனு எழுதி, அனைவரும் கையொப்பமிட்டனர். என் முறை வந்தபோது நான் மறுத்தேன்.

மறுத்ததோடு நில்லாமல் காரணமும் கூறினேன். தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணுதல் என நான்கு அறிவுகள் உடையது கொசு. அதற்கும் உயிர் இனியதே. தீங்கு செய்யும் ஓர் உயிரைக் கொன்றால் பல உயிர்கள் பிழைக்குமே என்று எண்ணியும் கொல்லலாகாது என்பது அமிர்தசந்திர சூரி புருஷார்த்த சித்தியுபாயத்தில் காட்டும் நெறி. இதனை எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். எவரும் எதிர்வாதம் செய்யவில்லை. கீழ்த்தளத்தில் குடியிருக்கும் இளைஞர் மட்டும், "ஐயா, உங்க கொள்கையை மதிக்கிறேன். ஆனா எனக்கு ஒன்பது வயசுல பொண்ணு இருக்கா" என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. ஆயினும் கையொப்பமிடாமல் மாடியேறியபோது என் உள்ளத்தில் ஒரு நிறைவு இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

என் கையொப்பம் இன்றியே மனு சென்றது, புகையும் வந்தது. ஆனால் பத்து நாள் கழித்து அந்த இளைஞரின் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு என்று உறுதியாயிற்று. இரத்தத் தட்டணுக்கள் குறைந்து, குழந்தை ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்தாள். படிக்கட்டில் அவளுடைய தாயை எதிர்கொள்ள நேர்ந்தபோதெல்லாம் நான் தலைகுனிந்தே சென்றேன்.

அந்த வாரத்தில் மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளரான ஒரு பெண்மணி வீடுவீடாகச் சோதித்து வந்தார். எங்கள் மொட்டைமாடிக்கும் சென்றார். சற்று நேரத்தில் மேலிருந்து அழைத்தார். "ஐயா, கொஞ்சம் மேல வாங்க. இந்தச் சட்டி யாருது?"

அது என்னுடைய சட்டி. சித்திரை வெயிலில் காக்கையும் மைனாவும் அணிலும் தாகத்தால் வாடக் கூடாதென்று, அகன்ற மண்சட்டி ஒன்றில் நீர் வார்த்து வைத்திருந்தேன். கோடை முழுதும் நாள் தவறாமல் கழுவி நிரப்பினேன். ஆனி, ஆடியில் வெயில் தணிந்தது. என் ஊக்கமும் தணிந்தது. மழை தொடங்கியபின் அந்தச் சட்டியையே மறந்துவிட்டேன். மழைநீர் தானே அதை நிரப்பிக்கொண்டிருந்தது. பணியாளர் கைவிளக்கை அடித்துக் காட்டினார். நீரில் நூற்றுக்கணக்கான புழுக்கள் நெளிந்தன. "இதுதாங்க டெங்கு கொசு புழு. எத்தனை நாளா தண்ணி மாத்தல?" என்று கேட்டார்.

அந்தப் பெண்மணி நீரைக் கொட்டிச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தபோது, அத்தனை உயிர்களும் மாடியின் சிமெண்டுத் தரையில் மாய்ந்தன. புகைக்கு எதிராக நூலை எடுத்துக்காட்டிய நான், அவ்வுயிர்கள் பிறந்து மாய்வதற்கு இடம் அமைத்துக் கொடுத்தவனாக அருகில் நின்றேன். சிறுமியைக் கடித்த கொசு என் சட்டியில்தான் பிறந்ததா என்பதை எவராலும் கூற இயலாது. எவராலும் கூற இயலாது என்பது எனக்கு ஆறுதல் அளிக்கவில்லை.

நோயின் வழி

இவ்விடத்தில் நாம் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளைச் சொல்வது தகும். கொசுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு நம் நாட்டு மண்ணிலேயே உறுதி செய்யப்பட்டது. 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் என்னும் வேறு வகைக் கொசு. பெண் கொசு மட்டுமே முட்டையிடுவதன் பொருட்டு இரத்தம் உண்கிறது. ஆண் கொசு தாவரச் சாற்றை உண்டு வாழ்கிறது. ஏடிஸ் கடிப்பது பெரும்பாலும் பகலில். அது வெகுதொலைவு பறப்பதில்லை. பிறந்த இடத்தைச் சுற்றியே திரிகிறது.

நாம் சாக்கடையைப் பார்த்து மாநகராட்சியைக் குறை கூறுகிறோம். ஆனால் ஏடிஸ் நாடுவது பெரும்பாலும் சாக்கடையை அன்று, வீட்டையும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் தெளிந்த நீரை. 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் வந்த நாள்களைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். கிடைக்கும் நீரைக் குடத்திலும் டிரம்மிலும் சேர்த்து வைப்பது நகரத்தாரின் வழக்கமாகிவிட்டது. மூடியில்லாத டிரம், பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, ஏசி நீர் சொட்டும் வாளி, எறிந்த தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் ஆகியவை போதும். முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகிறது. நீர் வற்றினாலும் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் பல மாதங்கள் காத்திருந்து, மறுபடி நனையும்போது பொரிக்க வல்லவை. மருந்துப் புகையோ பறக்கும் கொசுவை மட்டுமே கொல்கிறது. நீரிலுள்ள புழுவை அது தீண்டுவதில்லை. எனவேதான் புகை வந்தும் காய்ச்சல் நிற்கவில்லை.

பொறுத்தல் யாருடைய கடமை?

இனி அறத்தின் வினாவுக்கு வருவோம். துறவியர் தாங்க வேண்டிய இருபத்திரண்டு பரீஷகங்களுள் கொசுக்கடியும் ஒன்று. ஆடையற்ற உடலில் கொசு மொய்த்தாலும் முனிவர் கையோங்குவதில்லை. இதைக் கேட்டு வளர்ந்த நாம், கொசுவைப் பொறுப்பதே அறம் என்று எளிதாக முடிவு செய்துவிடுகிறோம். ஆனால் முனிவர் பொறுப்பது தம் உடலில் நேரும் துன்பத்தை. அண்டை வீட்டுக் குழந்தையின் உடலில் நேரும் துன்பத்தை நான் பொறுத்துக்கொள்வது பரீஷக வெற்றி ஆகாது. பிறர் உடலைக் கொண்டு நாம் தவம் செய்ய இயலாது. கூட்டத்தில் நான் நூலைச் சரியாகவே சொன்னேன். சொல்வதற்குரிய கடமையைத்தான் செய்யாமல் விட்டேன்.

உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சையை வரையறுக்கும்போது உயிர் பிரிவதை மட்டும் கூறவில்லை. அதற்கு மூலமான பிரமாதத்தை, அதாவது மடிமையும் கவனமின்மையும் கலந்த நிலையை, முன்வைத்துக் கூறுகிறார். விழிப்போடு நடப்பவன் காலடியில் தற்செயலாய் ஓர் உயிர் மாய்ந்தாலும் அவன் கொலைஞன் அல்லன். கவனமின்றி நடப்பவன் காலடியில் எவ்வுயிரும் மாயாவிடினும் அவன் இம்சையுள் நிற்பவனே என்பது நம் ஆசிரியர்களின் கொள்கை. இந்த உரைகல்லில் என் மண்சட்டியை உரைத்துப் பார்த்தேன். சட்டியை வைத்தது கருணை. மறந்தது பிரமாதம். கருணையால் தொடங்கிய செயல் கவனம் நீங்கியதும் இம்சையாக முடிந்தது. அகிம்சை விரதத்தைக் காக்கும் பாவனைகளுள் ஒன்று, பொருள்களை எடுப்பதிலும் வைப்பதிலும் கருத்தோடு இருத்தல். துறவியருக்கு மயிற்பீலி அதற்கான கருவி. இல்லறத்தாரிடம் பீலி இல்லை. ஆயினும் வைத்த பொருளை மறவாதிருக்கும் கடமை நமக்கும் உண்டு.

செய்தலும் செய்வித்தலும்

"நான் கொல்லவில்லை, மாநகராட்சிதானே புகையடித்தது?" என்று சிலர் ஆறுதல் கொள்வர். தான் செய்தல், பிறரால் செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில்கள் என்று நம் நூல்கள் கூறுகின்றன. என் வீட்டுத் தேக்கத்தால் புகை தேவைப்படுமானால், அப்புகையைச் செய்வித்தவருள் நானும் ஒருவன். அதைத் தோளில் சுமந்து நாள்முழுதும் நெடியில் நடக்கும் பணியாளரின் வினையை மட்டும் பேசுவது நேர்மையன்று. கிணற்றில் கம்பூசியா மீனை விட்டுப் புழுவை உண்ணச் செய்தால் பழி மீனுக்கே என்பாரும் உளர். மீன் தன் இயல்பில் உண்கிறது. அந்த நோக்கத்தோடு அதை விட்டவர் நாம் அல்லவா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மின்சார மட்டையால் கொசுவை அடிப்பது பல வீடுகளில் பிள்ளைகளின் மாலை விளையாட்டாகிவிட்டது. 'பட்' என்று பொறி பறக்கும்போது கைகொட்டிச் சிரிக்கின்றனர். எத்தனை என்று எண்ணிப் போட்டியிடுகின்றனர். கொலையில் மகிழ்வதை ரௌத்திரத் தியானத்துள் வைத்து எச்சரித்தனர் ஆன்றோர். கடியிலிருந்து குழந்தையைக் காப்பது வேறு. துடிப்பைக் கண்டு களிப்பது வேறு. மட்டையை வாங்கி வைத்துவிட்டு வலையைக் கட்டுவோம். பிள்ளைகள் நம்மிடம் கற்பது நம் உரையால் அன்று, நம் வீட்டின் பழக்கத்தால்.

நீருக்கு ஒரு கெடு

அப்படியானால் இல்லறத்தான் என் செய்வது? புகையை எதிர்த்தால் குழந்தை நோயுறும். புகையை வரவேற்றால் கொல்லாமை குன்றும். இரண்டுக்கும் இடையில் ஒரு வழி உண்டு. அதனை நம் முன்னோர் நம் சமையலறையிலேயே வைத்துச் சென்றனர்.

என் பாட்டியார் கிணற்று நீரை இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டுவார். வடிகட்டிய துணியை அதே கிணற்று நீரில் அலசி, அதிலிருந்த நுண்ணுயிர்களை அவற்றின் இடத்திலேயே சேர்ப்பார். வடிகட்டிய நீருக்கும் கெடு உண்டு: ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம். அதன்பின் பருகுவதாயின் மீண்டும் வடிகட்ட வேண்டும். தேங்கிய நீரில் உயிர் தோன்றும்; தோன்றிய உயிரை மாய்க்காதிருக்க வேண்டுமானால் நீரைக் கவனமின்றித் தேங்கவிடலாகாது என்பதே இவ்வழக்கத்தின் உட்பொருள். குழாயும் மேல்நிலைத் தொட்டியும் வந்தபின் துணியை விட்டோம். துணியோடு கெடுவையும் விட்டோம்.

மூடி வைத்த பாத்திரத்தில் கொசு முட்டையிடுவதில்லை. முட்டையிடாத இடத்தில் புழு இல்லை. புழு இல்லாத இடத்தில் மருந்துக்கும் புகைக்கும் வேலை இல்லை. பிறந்தபின் கொல்வதைக் காட்டிலும், வீணே பிறந்து மாய்வதற்கு இடம் தராதிருத்தல் மேலான அகிம்சை அன்றோ? இதிலும் சிறு இம்சை அறவே இல்லை என்று கூறேன். பாத்திரத்தைத் தேய்க்கும்போது ஓரத்து முட்டை அழியலாம். இல்லறத்தில் தவிர்க்க இயலாத இம்சை உண்டென்பதனால்தான் நமக்கு அணுவிரதமும் முனிவருக்கு மகாவிரதமும் வகுக்கப்பட்டன. தவிர்க்க இயலாததைக் குறைப்பதும், தவிர்க்கக் கூடியதைத் தவிர்ப்பதும் நம் பங்கு.

பணியாளர் வந்துசென்ற அன்று மாலை பிரதிக்கிரமணத்தில் அமர்ந்தபோது, வாய் பாடத்தைச் சொல்ல உள்ளம் கீழ்த்தளத்திலேயே நின்றது. எழுந்து கீழே சென்று, சிறுமியின் தந்தையிடம் சட்டியைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "விடுங்க ஐயா. எங்க ஏசி தண்ணி வாளியிலயும் புழு இருந்துச்சுன்னு அந்த அம்மா காட்டினாங்க. நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அதன்பின் எங்களிடையே கொள்கை பற்றிய வாதம் எழவில்லை.

சிறுமி நலமடைந்து திரும்பினாள். இப்போது ஞாயிறுதோறும் காலையில் எட்டு வீட்டாரும் கால் மணி நேரம் ஒதுக்கி, நீர் தங்கும் இடங்களை எல்லாம் பார்த்து உலர்த்துகிறோம். தொட்டி மூடிகளைச் சரிபார்க்கிறோம். பறவைச் சட்டியை நான் எடுத்துவிடவில்லை. காலையில் கழுவி நிரப்புகிறேன். மாலையில் கவிழ்த்து வைக்கிறேன். நான் ஊருக்குச் செல்லும் நாள்களில் அப்பணியை ஏற்றுச் செய்பவள் கீழ்வீட்டுச் சிறுமியே.

சமண அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொல்லாதே என்று பிறருக்குச் சொல்லும் உரிமை நமக்கு வேண்டுமாயின், கொல்லும் தேவை எழாதபடி காக்கும் உழைப்பில் நாம் முன்நிற்க வேண்டும். இந்த மழைக்காலத்தில் இதழை மடித்து வைத்தவுடன், ஒருமுறை மொட்டைமாடிக்குச் சென்று பாருங்கள்.