மழை அச்சமும் இறைநம்பிக்கையும்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தென்சென்னையில் ஆண்டுதோறும் ஓர் அச்சம் தலைதூக்குகிறது. 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் அறிவிக்கப்பட்டபோது வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசையாக நிறுத்தப்பட்டதும், அடையாற்றங்கரைத் தரைத்தள வீடுகளில் பத்திரங்களும் குடும்ப அட்டையும் பிளாஸ்டிக் உறைக்குள் புகுந்து பரணேறுவதும் அதன் வெளிப்பாடுகளே. இதற்கு வேர் 2015 டிசம்பர் 1 இரவில் இருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டு, அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளை மூழ்கடித்த அந்த நிகழ்வை, 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே குறித்தது. மனிதர் பிழையால் விளைந்த அச்சத்தை இறைவனிடம் ஒப்படைத்து ஆறுதல் தேடுவது முறையா என்ற வினா இங்கே எழுகிறது. முறையே என்பதுதான் தமிழ் அறமரபின் தெளிவான விடை.

மயிலாப்பூரோடு மரபு இணைத்துப் பேசும் திருவள்ளுவர், கடவுள் வாழ்த்தின் ஏழாம் குறளில், ஒப்புமை இல்லாத இறைவனின் தாளைச் சேராதவர்க்கு மனக்கவலையைப் போக்குதல் கடினம் என்கிறார். கவலைக்கு அவர் அங்கே காட்டும் மருந்து இது ஒன்றே. கல்லோடு பிணைத்துக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர் ஐந்தெழுத்தைப் பற்றுக்கோடாகக் கொண்டு கரையேறியதைப் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. நாளும் கோளும் நன்றாக இல்லை என்று அவரே தடுத்தபோது, திருஞானசம்பந்தர் கோளறு பதிகம் பாடிவிட்டு மதுரைக்குப் புறப்பட்டார். பேயாழ்வார் பிறந்த இதே மயிலையில் போற்றப்படும் வைணவ மரபும், சரணாகதியின், அதாவது இறைவனே புகல் என அடைவதன், அங்கங்களுள் ஒன்றாக மகாவிசுவாசத்தை வைக்கிறது. அவன் காப்பான் என்பதில் அசையாத உறுதி என்பது அதன் பொருள். இத்தனை சான்றோரும் ஒருமுகமாகச் சொல்வதை, இரவெல்லாம் கைப்பேசியில் ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் தொலைக்கும் நெஞ்சங்கள் செவிமடுக்க வேண்டும். அந்த விழிப்பால் ஏரியில் ஓர் அங்குலமும் குறைவதில்லை. விடிந்தபின் முதியவரைக் கைத்தாங்கலாக மாடியேற்ற வேண்டிய உடலின் வலுதான் குறைகிறது.

நம்பிக்கையை வற்புறுத்துவது பொறுப்பில் தவறியவர்களைத் தப்பவிடும் என்று மறுப்போரும் உண்டு. தெய்வத்தால் ஆகாத இடத்திலும் முயற்சி கூலி தரும் என்று வள்ளுவரே கூறியிருப்பதால், அந்த மறுப்பை ஒதுக்கிவிட இயலாது. மதகைத் திறந்தவர்களிடம் கணக்குக் கேட்பது குடிமக்களின் உரிமை. ஆயினும் அச்சத்தில் நடுங்கும் மனம் அந்தக் கேள்வியைக்கூட நிதானமாகக் கேட்பதில்லை. மழை விட்டதும் மறந்துவிடுகிறது. எதற்கும் அஞ்சாத நாவுக்கரசரோ கையில் உழவாரப்படையோடு கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார். இறைவனை நம்பியவரின் கை ஓய்ந்திருந்ததாக எந்தப் புராணமும் பேசவில்லை.

ஆகவே நம்பிக்கையைப் போதிக்கும் நிலையங்களுக்கும் ஒரு கடமை சேர்கிறது. 2015 வெள்ளத்தின்போது கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் கதவு திறந்து, சமயம் பாராமல் மக்களுக்கு இடமும் உணவும் அளித்தன. அடுத்த பெருமழைக்கு முன்பே எந்த மண்டபம் திறந்திருக்கும், அங்கே எத்தனை பேர் தங்கலாம், சாவி யாரிடம் இருக்கும் என்பதை மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் உள்ள வழிபாட்டு நிலையங்கள் சுற்றுத் தெருக்களுக்கு அறிவித்துவிட வேண்டும்.